குடும்பத்தோடு நுவரெலியாவில் நான்கு நாள்

பள்ளி விடுமுறை நெருங்கும் காலத்தில் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் ஒரு பேச்சு எழுவதுண்டு. "இம்முறை நுவரெலியாவுக்குப் போவோமா?" என்று பிள்ளைகள் தொடங்குவர். தந்தையார் செலவுக் கணக்கைப் பார்ப்பார். அம்மம்மா குளிரை நினைத்து இப்பொழுதே போர்வையைத் தேடுவார். தாயார் மாத்திரம் விடையொன்றுங் கூறாது, அத்தனை பேருக்கும் எவற்றைக் கட்டிக்கொண்டு போவதென மனத்துள்ளே எண்ணத் தொடங்கிவிடுவார்.

மலைநாட்டில் ஒரு பங்களாவையோ மரக்குடிலையோ வாடகைக்கு எடுத்து, குடும்பமாகச் சில நாள் தங்கிவருவது இன்று அரிய காரியமன்று. கைத்தொலைபேசியிற் படங்களைப் பார்த்து, ஒரு மாலைப்பொழுதில் இடத்தைப் பதிவு செய்துவிடலாம். ஆயினும், அவ்வாறு சென்று திரும்புவோரிற் பலர் போனபோது இருந்ததிலும் பார்க்கக் கூடிய களைப்போடு வீடு வந்து சேர்கின்றனர். இதற்குக் காரணம் என்ன? எங்கே போவது, எதைப் பார்ப்பது என்று திட்டமிடுகின்றோம். யார் இளைப்பாறுவது என்று திட்டமிடுவதில்லை. ஒரு குடும்பத்தின் விடுமுறையிலே ஓய்வு கிடையாது போகக்கூடியவர் மூவர். ஒருவர் தாயார். மற்றொருவர் வண்டியைச் செலுத்தும் சாரதி. மூன்றாமவர் நாம் போய்த் தங்கும் விடுதியின் சமையற்காரர். விடுமுறைத் திட்டத்தை இம்மூவரிலிருந்து தொடங்கினால், ஏனையோரின் ஓய்வு தானாகவே அமையும் என்பதே இன்றைய பேச்சின் கருத்து.

நுவரெலியா தோன்றிய வரலாறே ஓய்வின் வரலாறுதான். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், இலங்கையின் மிகவுயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகலையின் அடிவாரத்தில் அமைந்த வெளி இது. 1819 ஆம் ஆண்டில் மருத்துவர் ஜோன் டேவி இவ்விடத்தைக் கண்டு தமது நூலில் விவரித்தார். பின்னர் தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் இதனை வெப்பத்தால் நலிந்த படைவீரர் உடல் தேறும் இடமாக ஆக்கினார். 1848 இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் தம் நாட்டிலிருந்து ஆட்களையும் மாடுகளையும் விதைகளையும் கொண்டுவந்து பண்ணை அமைத்தார். 1873 இல் தேசாதிபதி கிரகரியின் காலத்தில், இன்று அவர் பெயரால் வழங்கும் ஏரி உருவாயிற்று. 1885 இல் புகையிரதம் நானுஓயாவை எட்டியது. அதன்பின் கொழும்பின் உத்தியோகத்தர் வெயில்காலத்தில் இங்கு வந்து இளைப்பாறினர். அவர்களுக்கு விறகு வெட்டியோர், நீர் சுமந்தோர், குசினியில் நின்றோர் பெயர் எதுவும் நூல்களில் இல்லை. இன்று அந்தப் பங்களாக்களின் கதவு காசு கொடுக்கும் எல்லோருக்குந் திறந்திருக்கின்றது. அங்கே பழைய துரைமாரைப்போல இருந்துவிட்டு வருவதா, அன்றி நல்ல விருந்தினராக இருந்துவிட்டு வருவதா என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும்.

முதலிற் காலத்தைப் பார்ப்போம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய ஏப்பிரல் மாதமே நுவரெலியாவின் வசந்தகாலக் கொண்டாட்டக் காலம். மலர்க் காட்சியும் குதிரைப் பந்தயமும் அப்பொழுது நடைபெறும். கூட்டமும் வாடகையும் உச்சத்தில் நிற்கும் காலமும் அதுவே. ஏரிக்கரை வீதியில் வண்டிகள் மணிக்கணக்கில் நகராது நிற்பதுண்டு. ஆரவாரத்தைக் காண விரும்புவோர் அப்பொழுது போகலாம். அமைதியை நாடுவோர் புத்தாண்டு கழிந்த பின்னர்ச் செல்வதே நன்று. ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு, வானம் தெளிந்திருக்கும். ஆனால் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்வெளிகளில் உறைபனி படியுமளவுக்குக் குளிர் இறங்குவதுண்டு. முதியவரும் கைக்குழந்தையும் உள்ள குடும்பம் அதற்கேற்ற போர்வையின்றிப் போதல் ஆகாது. மே மாதத்தின் பின்னர்த் தென்மேல் பருவக்காற்று மூடுபனியையும் விடாத தூறலையும் கொண்டுவரும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் மழை கனத்தது.

மழையைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை மறத்தலாகாது. 2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது மலையகத்தின் பல இடங்களில் மண் சரிந்து, வீடுகளையும் மக்களையும் மூடியது. வீதிகளும் புகையிரதப் பாதையும் பல இடங்களில் அறுந்தன. மலைச்சரிவிற் கட்டப்பட்ட அழகிய குடில் ஒன்றைப் படத்திற் பார்க்கும்போது, அதன் சாளரத்திலிருந்து என்ன தெரியும் என்று கேட்கின்றோம். அதன் பின்புறத்தில் என்ன இருக்கின்றது என்றும் கேட்கவேண்டும். செங்குத்தாக வெட்டிய மண்மேடு சுவரோடு ஒட்டி நின்றால், மழைக்காலத்தில் அங்கே தங்காதிருப்பதே அறிவு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயத்தை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளாக அறிவிக்கின்றது. புறப்படும் நாளிலும் தங்கும் நாட்களிலும் அந்த அறிவித்தலைக் கேளுங்கள். சிவப்பு அறிவித்தல் வந்தால் கொடுத்த முற்பணத்தை எண்ணி வருந்தாது பயணத்தை ஒத்திவையுங்கள். பணம் பின்னரும் தேடக்கூடியது.

இனி வழியும் சாரதியும். கொழும்பிலிருந்து அவிசாவளை, கினிகத்தேனை, ஹற்றன், தலவாக்கலை வழியாகப் போவோரும் உளர். கண்டிக்குச் சென்று கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக ஏறுவோரும் உளர். கண்டியிலிருந்து நுவரெலியா ஏறக்குறைய 77 கிலோமீற்றர்தான். ஆனால் வளைந்து வளைந்து ஏறும் அந்தப் பாதைக்குச் சமவெளிக் கணக்குப் பொருந்தாது. மூன்று மணித்தியாலத்தை ஒதுக்கிவைக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து போவோருக்கு வழி முழுவதும் சேர்த்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர் ஆகும். இதனை ஒரே இரவில் ஓடி முடித்து, விடியும்போது ஏரிக்கரையில் நிற்கவேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். ஒரு நாள் வாடகை மிச்சப்படும் என்பது கணக்கு. அந்த மிச்சத்தைச் சாரதியின் கண்களிலிருந்தே பிடுங்குகின்றோம் என்பதை உணர்வதில்லை.

2023 ஜனவரியில் நானுஓயா றதல்லை குறுக்குவீதியில் பேருந்தொன்றும் வானொன்றும் முச்சக்கரவண்டியொன்றும் மோதுண்டு எழுவர் மாண்டனர். 2025 மே மாதத்தில், விடிவதற்கு முன்னர், கொத்மலை கரண்டியெல்லப் பகுதியில் பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இப்பாதைகள் பிழையைப் பொறுப்பவை அல்ல என்பதற்கு இவை போதிய சாட்சி. ஆகவே மலைப்பாதையைப் பகல் வெளிச்சத்தில் மட்டுமே கடப்பதென்று முடிவு செய்யுங்கள். வடக்கிலிருந்து வருவோர் மாத்தளையிலோ கண்டியிலோ ஓர் இரவு தங்கலாம். மாத்தளை முத்துமாரியம்மனைத் தரிசித்துவிட்டு மறுநாட் காலையில் ஆறுதலாக ஏறலாம். இறங்கும்போது, ஏறுவதற்குப் பயன்பட்ட தாழ்ந்த கியரிலேயே இறங்கவேண்டும் என்பது பழைய சாரதிகளின் விதி. பிரேக்கை ஓயாது மிதித்தபடி இறங்கினால் அது சூடேறிச் செயலிழக்கும்.

விடுதியைப் பதிவு செய்யும்போது கேட்கவேண்டிய முதற்கேள்வி, "சாரதிக்கு அறையும் படுக்கையும் உண்டா?" என்பதாகும். குளிரிரவில் வண்டியின் பின்னிருக்கையிற் சுருண்டு கிடந்தவரின் கையிலே மறுநாள் நம் குழந்தைகளின் உயிரை ஒப்படைக்கின்றோம். அவருக்குத் தனியறையும், இரண்டு கம்பளியும், நாம் உண்ணும் அதே உணவும் கிடைக்கச் செய்வது தருமம் மாத்திரமன்று. அதுவே நமது பாதுகாப்பும் ஆகும். தந்தையாரே வண்டியைச் செலுத்துவாராயின் இந்த விதி அவருக்கும் பொருந்தும். மலையேறிய அன்று மாலையில் அவரை மீண்டும் வண்டியில் ஏற்றிக் கடைவீதிக்கு அனுப்பாதீர்கள்.

புகையிரதத்திற் செல்ல விரும்புவோர் நானுஓயாவில் இறங்குதல் வேண்டும். அங்கிருந்து நகரம் ஏறக்குறைய 8 கிலோமீற்றர். புயலின் பின்னர்ப் பாதை பல இடங்களிற் பழுதுற்றமையால், எந்த நிலையம்வரை சேவை நடைபெறுகின்றது என்பதைப் புகையிரத நிலையத்திற் கேட்டறிந்தே புறப்படுங்கள்.

அடுத்தது வீடு. முற்பணம் செலுத்துவதற்கு முன்னர் விடுதிக்காரரோடு தொலைபேசியிற் பேசுங்கள். எத்தனை அறை என்பதோடு நின்றுவிடாதீர்கள். அம்மம்மா படுக்கும் அறை படியேறாது செல்லக்கூடியதா? அந்த அறையை ஒட்டிக் குளியலறை உண்டா? சுடுநீர் எல்லாக் குளியலறையிலும் வருமா, அன்றி ஒன்றில் மட்டுமா? ஆளுக்கு எத்தனை கம்பளி? மின்சாரம் தடைப்பட்டால் மாற்று வழி என்ன? சமையற்காரரின் சம்பளமும் விறகும் எரிவாயுவும் வாடகையில் அடங்குமா, வேறாகக் கொடுக்கவேண்டுமா? வண்டி வாசல்வரை வருமா, அல்லது பெட்டிகளைச் சுமந்து மேடேற வேண்டுமா? இவற்றுக்குத் தெளிவான விடை கூறாது, "முதலில் காசை அனுப்புங்கள்" என்று மாத்திரம் அவசரப்படுத்துபவரிடத்தில் அவதானமாக இருங்கள். வேறொருவருடைய வீட்டின் படத்தைக் காட்டிப் பணம் பறிப்போரும் உண்டு. முன்னர் அங்கே தங்கிவந்த உறவினரோ அயலவரோ இருப்பின் அவர்களிடம் விசாரித்தறிவதே உத்தமம்.

குளிரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கதவு சாளரங்களை இறுக மூடிவிட்டு, இறைச்சி வாட்டிய கரியடுப்பைப் படுக்கையறைக்குள் இழுத்து வைத்து உறங்குவது உயிருக்கு உலையாகும். முற்றாக எரியாத கரியிலிருந்து காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு வெளிவரும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குபவர் எழுந்து இருமவுமாட்டார். உறக்கத்திலேயே உயிர் பிரியும். புகைபோக்கி உள்ள கணப்பில் மாத்திரம் நெருப்பு மூட்டுங்கள். படுக்கப் போகுமுன் அதனையும் அணைத்துவிடுங்கள். உடலைச் சூடாக வைத்திருக்கக் கம்பளியும் காலுறையும் சுடுநீர்ப் போத்தலும் போதும். ஆஸ்துமா, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் போகும் நாட்களுக்கு மேலாக இன்னும் இரண்டு நாளுக்கு வேண்டிய மருந்தைக் கையிற் கொண்டுபோதல் நன்று.

இனிக் குசினிக்கு வருவோம். பல குடும்பங்களில் விடுமுறை என்பது தாயார் தம்முடைய அடுப்பைவிட்டு இன்னொருவருடைய அடுப்புக்கு முன்னே நிற்பதாகவே முடிந்துவிடுகின்றது. அதுவும் பழக்கமில்லாத பாத்திரங்களோடும் நடுங்கவைக்கும் தண்ணீரோடும் போராடும் சமையல். அந்த உயரத்தில் நீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகையால் அரிசியும் பருப்பும் வேக வீட்டிலும் பார்க்க நேரமெடுக்கும். இதனை அறியாது, "ஏன் இன்னும் சாப்பாடு ஆகவில்லை?" என்று மேசையைச் சுற்றி நிற்போர் கேட்பர்.

இதற்குத் தீர்வு முன்கூட்டியே செய்துகொள்ளும் ஓர் ஒப்பந்தமே. நான்கு நாள் தங்குவதாயின் எந்தெந்த வேளைக்கு விடுதிச் சமையற்காரர் சமைப்பார், எந்த வேளைக்குக் கடையில் உண்பது, எந்த வேளைக்குத் தந்தையாரும் பிள்ளைகளும் அடுப்படிக்குப் போவது என்று வீட்டிலிருக்கும்போதே எழுதிவிடுங்கள். அந்தப் பட்டியலில் தாயாரின் பெயர் இருத்தலாகாது. அவருக்குத் தாமாக விருப்பம் வந்து ஒரு கறி வைத்தால் அது வேறு விடயம். சமையற்காரருக்கும் பட்டியலை முதல் நாளே கொடுத்துவிட வேண்டும். இரவு பத்து மணிக்கு இன்னொரு முறை தேநீர், பதினொரு மணிக்குப் பொரியல் என்று அவரை எழுப்பிக்கொண்டிருப்பது நாகரிகமன்று. அவருக்கும் வீடு உண்டு. அங்கே அவருக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளும் உண்டு. அரைத்த மிளகாய்த்தூளும் சிறிது நல்லெண்ணெயும் வீட்டிலிருந்து கொண்டுபோனாற் போதும். லீக்ஸ், கரட், பீற்றூட், உருளைக்கிழங்கு எல்லாம் அந்த மண்ணிலேயே விளைகின்றன. வழியோரத்தில் விற்பவரிடம் பேரம் பேசாது வாங்கினால் அவர்களுக்கும் ஓர் உதவி.

நாள்களை எவ்வாறு கழிப்பது? ஒரு நாளைக்கு ஓர் இடம் என்பதே என் ஆலோசனை. வந்து சேர்ந்த முதல் நாள் ஒன்றுஞ் செய்யாதிருங்கள். இரண்டாம் நாள் ஹக்கலைப் பூங்காவுக்குப் போகலாம். 1861 இல், காய்ச்சலுக்கு மருந்து தரும் சிங்கோனா மரத்தை வளர்க்கவே அந்தத் தோட்டம் தொடங்கப்பட்டது. பின்னர் அது மலர்ச்சோலையாக வளர்ந்தது. போகும் வழியில் சீதா எலியாவில் ஓடைக்கரையிலே சீதையம்மன் கோயில் இருக்கின்றது. அம்மம்மாவுக்கு அந்த ஒரு நாளே யாத்திரையின் பயனாக அமைந்துவிடும். நகரின் நடுவேயுள்ள விக்டோரியாப் பூங்கா பெரிதும் மேடுபள்ளமின்றி இருப்பதால் முதியவர் மெல்ல நடப்பதற்கு ஏற்றது. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வலசை வரும் ஆறுமணிக்குருவி முதலிய பறவைகளை அங்கே பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

ஹோர்ட்டன் சமவெளி யாவரும் காண விரும்பும் இடம். 1988 இல் தேசிய பூங்காவாகவும், 2010 இல் மத்திய மலைநாட்டின் ஏனைய பகுதிகளோடு சேர்ந்து உலக மரபுரிமைத் தலமாகவும் ஆயிற்று. உலக முடிவு என வழங்கும் பாறை விளிம்பையும் நீர்வீழ்ச்சியையும் கண்டு மீளும் நடை ஏறக்குறைய ஒன்பதரைக் கிலோமீற்றர். முற்பகல் ஒன்பது, பத்து மணியளவில் மூடுபனி எழுந்து பள்ளத்தாக்கை மறைத்துவிடும் ஆதலின் விடியுமுன்னே புறப்படவேண்டும். இந்த நடை அம்மம்மாவுக்கும் சிறு குழந்தைக்கும் உரியதன்று. எனவே அன்று குடும்பம் இரண்டாகப் பிரிதல் நன்று. யார் போவது, யார் நிற்பது என்பதைத் தாயாரிடமே முதலிற் கேளுங்கள். அவர் நடக்க விரும்பினால் தந்தையார் குழந்தையோடு நிற்கட்டும். உறங்க விரும்பினால் அவரை எழுப்பாது மற்றையோர் போகட்டும். விடியுமுன் வண்டியோட்டிய சாரதிக்கு அன்று பிற்பகல் முழுவதும் ஓய்வு கொடுங்கள். பொலித்தீன் பைகளை வாயிலிலேயே அகற்றிவிடுவார்கள். அங்குள்ள மரைகளுக்கு உணவு கொடுத்தலும் ஆகாது.

இறுதியாக ஒன்று. மலைநாட்டுக்குச் செல்லும் தமிழ்க் குடும்பத்துக்கு அந்தப் பச்சைச் சரிவுகள் வெறுங் காட்சியாக இருத்தல் இயலாது. முதலிற் கோப்பிக்கும், 1867 இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையிலே தேயிலையைப் பயிரிட்ட பின்னர்த் தேயிலைக்கும் எனத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்களே அங்கே கூடை சுமந்து கொழுந்து பறிப்போர். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். எஞ்சியிருந்தோருக்கும் அந்த உரிமையை வழங்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது. இன்றும் பல குடும்பங்கள் வெள்ளையர் காலத்து லயன் அறைகளில் வாழ்கின்றன. மண் சரியும்போது முதலில் ஆபத்துக்கு உள்ளாவோரில் அவர்களும் அடங்குவர். வண்டியை நிறுத்தி, கேளாமலே அவர்களைப் படம் பிடித்துக்கொண்டு போதல் முறையன்று. "வணக்கம் அக்கா, எப்படி இருக்கிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை பேசிவிட்டுப் பின் கேளுங்கள், மறுத்தால் அதனை மதியுங்கள். இந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்கு அங்கே வைத்துச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் நான்கு வரியாகப் படித்தது அந்தச் சரிவின் முன்னே நிற்கும்போது மனத்திற் பதியும்.

புறப்படும் காலையில் விடுதியைக் கூட்டிப் பெருக்கி, குப்பையை ஒரு பையிற் கட்டி, சமையற்காரருக்கும் காவற்காரருக்கும் உரிய அன்பளிப்பை அவரவர் கையிலேயே கொடுத்து விடைபெறுங்கள். வீடு வந்து சேரும் நாளுக்கும் பள்ளி தொடங்கும் நாளுக்கும் இடையில் ஒரு நாளை வெறுமையாக விட்டுவையுங்கள். ஈரத்தோடு வந்த உடைகளை அன்றைக்கு வீட்டில் எல்லோரும் சேர்ந்து தோய்த்து உலர்த்தினால், தாயார் மலையிற் பெற்ற ஓய்வு வீட்டுக் கிணற்றடியிலே கரைந்துபோகாது.